புருஷோத்தமன் போட்ட இரட்டைத் தையல்

முத்தியால்பேட்டையில் கார் வைத்திருக்கும் யாரிடமாவது சீட் கவர் எங்கே தைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். புருஷோத்தமன் கடைக்குத்தான் கையைக் காட்டுவார்கள். முப்பது வருஷமாகத் தைக்கிறார். மற்றவர்கள் ஒற்றைத் தையலோடு மாட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் நைலான் நூலில் இரட்டைத் தையல் போடுவார். கவர் சீட்டைக் கவ்விப் பிடித்து நிற்க வேண்டும், எங்கேயும் ஒரு விரல் நுழையக் கூடாது. "சீட்டு கிழிஞ்சாலும் கிழியும், என் தையலு பிரியாது" என்று அவரே சொல்லிக்கொள்வார். தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை. பொய்யாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா!

ஒரே மகள் சுடர்விழி. பக்கத்திலேயே சாரம் என்ற பகுதியில் புருஷனோடு குடியிருந்தாள். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் கடலூர் ரோட்டில் போய்வர வேண்டும். அந்த ரோட்டின் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. அதனால் கார் வாங்கும்போது அவள் நிறத்தையும் பார்க்கவில்லை, மைலேஜையும் பார்க்கவில்லை. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மூன்று மாதம் காத்திருந்து வாங்கினாள்.

வண்டி வந்த அன்று கடைக்கு ஓட்டிவந்து, அப்பாவிடம் போனில் அந்தச் சோதனை வீடியோவைக் காட்டினாள். ஸ்டியரிங் முன்னால் ஒரு பொம்மை. பக்கவாட்டில், சோதனைக்கென்றே செய்த கனமான தள்ளுவண்டி ஒன்று வந்து கதவில் மோதுகிறது. கண் இமைப்பதற்குள் சீட்டின் ஓரத்தைப் பிளந்துகொண்டு ஏர்பேக் என்கிற வெள்ளைப் பை ஒன்று உப்பி வந்து, பொம்மையின் விலாவுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிறது.

"பாத்தியாப்பா? ஒண்ணும் ஆவல."

"பொம்மைக்கு என்னாம்மா ஆவப்போவுது" என்று சிரித்தார். கையோடு அளவு எடுக்க டேப்பை எடுத்தார்.

"கவர் வேணாம்ப்பா. பை சீட்டு ஓரத்துலதான் இருக்குது. மறைச்சிடாதா?"

"குண்டு மாதிரி வெடிச்சு வர்ற பைய என் துணியா புடிச்சு நிறுத்தும்? கிழிச்சுகிட்டு வந்துடும்மா. அப்பன் கவர் கடை வெச்சிருக்கான், பொண்ணு வண்டி வெறும் சீட்டோட ஓடுதுன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

ரெடிமேடாக வரும் கவர்களில் அந்த ஓரத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். புருஷோத்தமனும் பார்த்திருக்கிறார். தையல்காரனின் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தார். சுடர்விழிக்குப் பிடித்த கத்தரிப்பூ நிற ரெக்சினில், அந்த ஓரத்தை மட்டும் இரண்டு முறை கூடுதலாக ஓட்டித் தைத்தார். மகளுக்கு அல்லவா! அவளும் அப்பாவின் மனசு நோகக் கூடாது என்று அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஏழு மாதம் ஓடியது. கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு காலை நேரம், மணல் ஏற்றிய டிப்பர் லாரி வலதுபக்கம் இருந்து வந்து அவள் உட்கார்ந்திருந்த கதவிலேயே மோதியது. பெல்ட் போட்டிருந்தாள். மெதுவாகத்தான் ஓட்டியிருந்தாள். அந்தப் பெண் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். விலா எலும்புகள் நொறுங்கி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காவல் நிலையத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்த காரைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் முருகையன் வந்தார். புருஷோத்தமனும் போனார். தலையைக் காக்க ஜன்னலை மறைத்துத் திரையாக வரும் மேல் பை கூரையிலிருந்து இறங்கித் தொங்கிக் கிடந்தது. சீட்டின் பக்கம் மட்டும் ஒன்றையும் காணோம். ஆனால் கத்தரிப்பூ ரெக்சின் முதுகுப் பக்கமாக, பானை வயிறு போலப் புடைத்திருந்தது.

முருகையன் அதையும் பார்த்தார், இவர் முகத்தையும் பார்த்தார். "கவர் யாருய்யா போட்டது?"

"நான்தான்."

முருகையன் அந்தப் புடைப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "சோதனைக்குப் போற வண்டி கம்பெனில செஞ்ச மாதிரியே போவும்யா. கவர் கிடையாது, பம்பருக்கு முன்னால கம்பி கிடையாது. மோதறதும் ஒரு டன்னு தள்ளுவண்டி. இங்க மோதனது முப்பது டன்னு டிப்பரு. இதுக்கெல்லாம் எவனும் நட்சத்திரம் குடுக்கல" என்றார்.

"அப்போ பை வந்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாளா?"

"தெரியாதுங்கய்யா."

"ஆமாம்னாவது சொல்லு, இல்லன்னாவது சொல்லு சாமி."

"பொழைச்சும் இருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். இதை யாருமே மோதிப் பாத்ததில்லைய்யா."

புருஷோத்தமன் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். தன் தையலைத் தானே அறுத்தார். அவசரத்தில் விரலையும் அறுத்துக்கொண்டார். உள்ளே, பஞ்சைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிய வெள்ளைப் பை, வெளியே வர வழி தெரியாமல் பின்பக்கமாகத் திரும்பிச் சுருண்டு கிடந்தது. நூலைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். அவர் அறுத்த இடத்தைத் தவிர வேறெங்கும் அறுபடவே இல்லை. பாவி மனுஷன், அந்த மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் மனைவி பாக்கியலட்சுமி கேட்டாள்: "என்னாங்க சொன்னாரு?"

"டிப்பர்காரன் மேலதான் தப்புன்னாரு."

அவள் லாரிக்காரனைச் சபித்து அழுதாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லை.

முப்பது வருஷத்தில் எத்தனை வண்டிக்குத் தைத்தார், யார் கண்டது? அதில் எத்தனை வண்டியின் சீட்டுக்குள் பை இருக்கிறது? யாருடைய விலாசமும் அவரிடம் இல்லை. இப்போது காலையில் எழுந்ததும் பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் ரோட்டுச் சிக்னலுக்குப் போய்விடுகிறார். சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றதும் ஒவ்வொன்றிலும் குனிந்து தன் தையலைத் தேடுகிறார். பைத்தியம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக் காரில் தன் தையலைக் கண்டுபிடித்துவிட்டார். முன்சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. ஓட்டிவந்தவர் இவரை அடையாளம் தெரிந்துகொண்டு சந்தோஷமாகக் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, நீங்களா! நாலு வருஷமாச்சுண்ணே, பாருங்க, ஒரு இழை பிரியல!"

"பிரிச்சிடுப்பா" என்றார் புருஷோத்தமன். கதவைப் பிடித்துக்கொண்டார். "ஒன் காலைப் புடிக்கிறேன். ஓரத்தைப் பிரிச்சிடு."

"என்னாண்ணே?" என்று அவர் கேட்கும்போதே பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. கார்க்காரர் கையை ஆட்டிவிட்டுக் கடலூர் ரோட்டில் போய்விட்டார்.