ஏழு பத்துக்கு நின்ற பேச்சு

இஸ்திரிக்காரம்மா வாயைத் திறந்தால் குறைதான். வெயில் அடித்தால் துணி காய்ந்து விறைத்துப்போகிறது என்பாள். மழை பெய்தால் காயவே மாட்டேன் என்கிறது என்பாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தை நீட்டினால் அவளுக்கு முதுகுவலி. சுருக்கினாலோ, "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம்?" ஜெபக்கூட்டத்தில் அவள் வைக்கும் விண்ணப்பம்கூட யார் மேலாவது ஒரு புகார்தான், கடைசியில் 'ஆண்டவர் அவங்களைத் தொடணும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவாள், அவ்வளவுதான். கெட்ட மனசு கிடையாது. சட்டைக் காலரில் சுருக்கம் தேடித் தேடிப் பழகிய கண், போகிற இடமெல்லாம் அதையே தேடியது.

இருக்கிற குறைகளிலேயே பெரிய குறை அவளுடைய வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். குடி கிடையாது, சூது கிடையாது, பேச்சு ஒன்றுதான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது, உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள், யார் அழுதார்கள், யார் அசட்டுத்தனமாகச் சிரித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். பல் விளக்கும்போதுகூடப் பேசுவார் மனுஷன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக அவள் காது வாடகைக்குப் போயிருந்தது.

அன்று காலையும் அப்படித்தான். லாண்டரிக்குக் கொண்டுபோக வேண்டிய சட்டைகளை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் அவர், கையில் டீ.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரே ஒரு பல் டாக்டர். கதவை நெம்பித் திறந்தா, மனுஷன் என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு நினைக்கிற? அவரு..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பத்து. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! இன்னிக்காவது என் காதுக்கு லீவு விட்டீரே!" என்று வாய்விட்டே சொன்னாள். அவ்வளவு மனசார அவள் நன்றி சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. நிம்மதியாக ஐந்து சட்டை தேய்த்தாள். ஆறாவதை எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தாள். டீ அவர் மடியில் கொட்டியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை தொங்கியது. கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க! ஐயோ, என்னங்க! விளையாடாதீங்க!"

பக்கத்து வீட்டு வேன் டிரைவர் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். இஸ்திரிப்பெட்டியை அணைத்தாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மா படபடவென்று கேட்டாள். "எப்ப ஆரம்பிச்சுது? கடைசியா எப்ப நல்லா பேசினாரு?"

அவள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரையே பார்த்தாள்.

"அம்மா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு சில மணி நேரத்துக்குள்ளதான் போடலாம். நேரம் தெரியாம போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க."

தெரியல என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமே! அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டதோ? இருபத்தேழு வருஷ முறுமுறுப்பை ஆண்டவர் ஒரேயடியாகக் கேட்டுவிட்டாரோ?

"ஏழு பத்து," என்றாள்.

"நிச்சயமா? சுமாரா சொல்லக்கூடாது."

"நிச்சயமா ஏழு பத்துதான். பேசிட்டே இருந்தாரு, பாதியில நின்னுடுச்சு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தம் நின்னுச்சேன்னு சந்தோஷப்பட்டு, ஸ்தோத்திரம் சொன்னேன் டாக்டர். திரும்பிக்கூடப் பார்க்கல. அஞ்சு சட்டை தேய்ச்சேன், பாவி."

டாக்டரம்மா திட்டவில்லை. கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினாள். "இவ்வளவு பேசுறவர்னாலதாம்மா உங்களுக்கு நேரம் தெரிஞ்சுது. வாயே திறக்காத ஆளா இருந்தா, எப்ப நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

வராந்தா பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா தனியாக உட்கார்ந்தாள். 'ஏன் ஆண்டவரே, எனக்கு மட்டும்?' என்று பழகின பாட்டு நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினாள். "இந்த மனுஷனை வாயாடியா படைச்சதுக்கு ஸ்தோத்திரம்," என்றாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய், துளிகூடக் குறையவில்லை. ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள், உடனே ஒரு 'ஏன்' வந்து எதிரே நிற்கும். அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைச் சொல்வாள். பக்கத்து வீட்டு வேன் அந்த நேரம் வாசலிலேயே நின்றதுக்கு. அந்த டாக்டரம்மாவுக்கு. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததுக்கு. 'அவருக்குப் பேச்சு வராட்டியும் சரி' என்று சொல்லிப் பார்த்தாள், வாய் வரவில்லை. ஆண்டவரிடம் பொய் எதுக்கு என்று அதைச் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். "உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்ல. பேச்சுதான் சொல்ல முடியாது. வரலாம், இப்படியே நின்னும் போகலாம்," என்றாள் டாக்டரம்மா.

அவளைப் பார்த்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். "ப்பா... ளு... த்தா... ளு..." ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. ஆனால் புருவம் ஏறி இறங்கியது, இடது கை காற்றில் ஒரு கதவை நெம்பித் திறந்து காட்டியது. பிறகு நிறுத்திவிட்டு, புரிந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்கு 'ஐயோ ஆண்டவரே, இப்படியா?' என்பது பல்லுவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய அசையாத கையை தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரிடம் கேட்காததைக் கேட்டாள்.

"அப்புறம்? அப்புறம் என்னாச்சு, சொல்லுங்க."