ராசிக்காரர் காரிலிருந்து கழற்றிய ஐந்து டயர்கள்

பழைய டயருக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை முகர்ந்து பார்த்ததில்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். கொசுப்புழு நெளியும், பீடித் துண்டு ஊறிக் கிடக்கும், எவனோ துப்பிய வெற்றிலைச் சாறு மேலே மிதக்கும். நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் என் அப்பா ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தார். தேய்ந்துபோன லாரி, கார் டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டித் தருகிற வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. சோற்றிலும் ரப்பர் வாசம், தலைமுடியிலும் ரப்பர் வாசம். கல்யாணமாகிப் பரமத்தி வேலூருக்குப் போனபோது, அப்பாடா, இனிமேல் டயர் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். கெரகம் விட்டால்தானே! மூன்றே வருஷத்தில் அந்த நாற்றம் மாமனார் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வெற்றிலைக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் மாமனார் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினார். எங்கள் பக்கத்தில் காரைப் பிளசர் என்பார்கள். இது பிளசரிலேயே பெரிய பிளசர். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு யாரோ டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார்கள். கிளப்பினால் தெருவே அதிரும். டயர்கள் மட்டும் சுத்த மொட்டை.

மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீ டயர்க்காரரு ஊட்டுப் புள்ள. எந்த டயரப் போடலாம், சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அந்த அளவு டயருக்கு மூன்றே வழி இருந்தது. பெரிய கம்பெனி டயர் வேண்டுமென்றால் சேலத்துக் கடையில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், விலையும் கூட. பேர் தெரியாத கம்பெனியின் புது டயர் அதே கடையில் பாதி விலைக்குக் கையிலேயே கிடைக்கும். மூன்றாவது, எவனோ ஓட்டித் தேய்த்துக் கழற்றிப் போட்டது.

"முன்னாடி ரெண்டுக்கும் பெரிய கம்பெனி டயரே போட்டுருங்க மாமா. பின்னாடிக்கு பேர் தெரியாத கம்பெனிகூடப் போதுமுங்க. பழசு மட்டும் வேண்டாமுங்க" என்றேன்.

"பெரிய கம்பெனி வெலயக் கேட்டா நெஞ்ச அடைக்குது. பேர் தெரியாததுக்கு ராசி எப்பிடின்னு ஆரு கண்டா?" என்றார்.

இந்த ராசிப் பேச்சைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எங்கள் பக்கத்தில் பழைய மாடு வாங்கினாலும், பழைய பம்பு மோட்டார் வாங்கினாலும், முதலில் பார்ப்பது பொருளை அல்ல. யார் கையிலிருந்து வருகிறது என்பதைத்தான் கேட்பார்கள். நொடித்துப் போனவன் பொருள் புதிதாகவே இருந்தாலும் தொடமாட்டார்கள். செழித்தவன் பொருள் என்றால் ஓட்டை உடைசலையும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். அடுத்தவன் செருப்பைக் குச்சியால்கூடத் தள்ளிவிட யோசிக்கிற ஆட்கள், அடுத்தவன் டயரைக் கட்டிப்பிடிப்பார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி விட்டு, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்த ஒருவர் இருந்தார். அவர் தொட்டதெல்லாம் துலங்கும் என்று பேச்சு. அவரிடமும் இதே மாதிரிப் பெரிய கார். அந்தக் காரிலிருந்து கழற்றியது என்று சொல்லி ஒரு டயர் வியாபாரி டெம்போவில் ஐந்து டயர்களைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் உருட்டிவிட்டான். நாலு சக்கரத்துக்கு நாலு, ஸ்டெப்னிக்கு ஒன்று. கருப்புப் பாலிஷ் பூசி ஐந்தும் பளபளவென்று மின்னின. அவ்வளவு பளபளப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது.

குனிந்து டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டேன். ஓரம் கத்திபோல் கூராக இருந்தது. அடியில், ரப்பருக்குள் மறைந்திருக்க வேண்டிய நூல் தட்டுப்பட்டது. இது கட்டிங் போட்ட டயர். மொட்டையாகிப்போன டயரில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சிப் புதிதாகப் பள்ளம் தோண்டுவார்கள். பார்வைக்குப் புது டயர் மாதிரி இருக்கும். இருந்த கொஞ்சநஞ்ச ரப்பரும் அதில் போய்விடும். அப்பா அந்த வேலையைத் தன் பட்டறையில் செய்யவே விட்டதில்லை. உயிரோடு விளையாடுகிற பொழப்பு என்று காறித் துப்புவார்.

"கட்டிங் போட்டிருக்குதுங்க மாமா. நூலு தெரியுது பாருங்க."

"அம்மிணி படிச்ச புள்ளைங்க. படிச்ச புள்ளைங்க எல்லாத்தையும் சந்தேகப்படுமுங்க" என்று வியாபாரி இளித்தான்.

"அத்தன பெரிய மனுசனுக்குக் கட்டிங் போட்டு விக்கோணும்னு தலையெழுத்தா? சும்மா இரு சாமி" என்றார் மாமனார்.

அத்தை உள்ளேயிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தார். ஐந்து டயருக்கும் பொட்டு வைத்தார். மொட்டை ரப்பருக்குப் பொட்டு! என் கணவர் தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். என் கையில் ஒட்டிய டயர்க் கருப்பு, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை.

அடுத்த மாதமே எனக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இண்டர்வியூ கார்டு வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிந்துவைத்து ஏழு வருஷம் காத்திருந்த கார்டு. சேலத்தில் காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். அந்தக் கார்டைப் பெட்டிக்குள் புடவை மடிப்பில் வைத்து, நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். எனக்கென்று ஒரு சம்பளம், எனக்கென்று ஒரு நாற்காலி. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க" என்றேன்.

மாமனார் எகிறிக் குதித்தார். "ஊட்டுல பிளசர் நிக்கறப்ப மருமவ பஸ்ஸுல தொங்கீட்டுப் போறதா? ஊருல என்ன பேசுவாங்க? பிளசர்லதான் போறோம்."

போகிறோம் என்றால் எல்லோரும் போகிறோம் என்று அர்த்தம். கணவர் ஓட்ட, மாமனார் முன்னால் உட்கார்ந்தார். அத்தை ஜவுளி எடுக்க வந்தார். அத்தையின் தங்கை, அவர் மகள், மருமகன், எல்லோரும் சேலத்தில் ஏதோ சோலி இருப்பதாக ஏறிக்கொண்டார்கள். டிக்கி நிறைய வெற்றிலைக் கட்டு. நான் பின்சீட்டின் ஓரத்தில் கதவோடு ஒட்டிக்கொண்டு, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பும்போது ஏழு மணி.

நாமக்கல்லில் அப்பாவின் பட்டறையில் காற்றுப் பிடிக்க நிறுத்தினார்கள். அப்பா சம்பந்தியைக் கும்பிட்டுவிட்டு டயரைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"ஏனுங்க சம்பந்தி, இதே அளவுல நல்ல டயரா ரெண்டு எங்கிட்டக் கிடக்குதுங்க. முன்னாடி மட்டும் மாத்திக் குடுத்தர்றேன். அரை மணி நேரம் போதுமுங்க."

மாமனார் சிரித்துக்கொண்டே மறுத்தார். "இருக்கட்டுமுங்க, இருக்கட்டுமுங்க. இது திருச்செங்கோட்டு ரிக்குக்காரரு கார் டயரு. சம்பந்தி ஊட்டு டயர்ல ஊர்கோலம் போறான்னு நாலு பேரு பேசுவாங்க." காசு கொடுத்து வாங்கலாமே என்று கேட்கிறீர்களா? காசு கொடுத்தால் அப்பா வாங்கமாட்டார், வாங்கினால் முறையில்லை. ஓசியில் வாங்கினால் மாமனாருக்கு மானக்கேடு. ஆக, இரண்டு மரியாதைக்காரர்களுக்கு நடுவில் நல்ல டயர் இரண்டும் சுவரோரம் சாய்ந்தே கிடந்தன.

அப்பா என் ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ரிக்குக்காரரு கழட்டுற டயரெல்லாம் நம்ம பட்டறைக்குத்தான் கண்ணு வருது. ரப்பர் ஒட்டி அவருக்கேதான் திருப்பிக் குடுக்கறேன். அவரு ஒரு டயரக்கூட வெளிய வித்ததில்ல."

"அத மாமாகிட்டச் சொல்லுங்கப்பா."

"பொண்ணக் குடுத்த எடம் சாமி. நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கார் கிளம்பிவிட்டது.

புதுச்சத்திரம் தாண்டியதும் முன் டயர் வெடித்தது. வண்டி தறிகெட்டு ஓடிப் புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அத்தை எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். யாருக்கும் அடியில்லை. எல்லோரையும் இறக்கி, வெற்றிலைக் கட்டுகளை இறக்கி, அடியில் கிடந்த ஸ்டெப்னியை எடுத்து மாட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதுவும் அதே ராசிக்காரர் டயர்தான். மல்லூர் எல்லையில் அதுவும் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. என் கணவர் வாட்சைப் பார்த்தார். ஒன்பதரை. மல்லூரிலிருந்து சேலம் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

முதல் பஸ் வந்தது. பாதி சீட் காலி. நான் பையோடு ரோட்டுக்கு வந்தேன்.

"எங்க போற?" என்றார் மாமனார்.

"பஸ்ஸுல போயிர்றேனுங்க மாமா. பத்து மணிக்குள்ள போகோணும்."

"பிளசரு ரோட்டுல நிக்கறப்ப நம்ம ஊட்டுப் பொம்பள பஸ்ஸுக்குக் கை காட்டறதா? பாக்கறவன் காறித் துப்புவான். இப்பச் சரியாயிரும், நில்லு."

நின்றேன். பஸ் போய்விட்டது. கணவர் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்து, ஒரு லாரிக்குக் கை காட்டி, லாரிமேல் ஏறிச் சேலத்துக்குப் போனார். அவர் லாரியில் போனால் மானம் போகாது. நான் பஸ்ஸில் போனால் மட்டும் போய்விடும். இரண்டாவது பஸ் போயிற்று. மூன்றாவது எனக்காகவே மெதுவாக வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சேலம் வருதுங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். என் கை எழவே இல்லை. யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கட்டிங் போட்ட வியாபாரியையும் மாமனாரையும் நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் மல்லூர் ரோட்டோரம் பையைக் கட்டிக்கொண்டு மரம்போல் நின்ற என்னை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருக்கிறது.

கணவர் ஒரு மணிக்குப் புது டயரோடு வந்தார். எந்த டயர் என்கிறீர்கள்? கடையில் கையில் இருந்த அந்தப் பேர் தெரியாத கம்பெனி டயர்தான். அதன் ராசி என்னவென்று மாமனார் கேட்கவில்லை. அதற்குமேல் ஒரு தொந்தரவும் இல்லாமல் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு மணிக்கு ஆபீஸ் வராண்டாவில் ஏறினேன். கூட்டமே இல்லை. ஒரு குமாஸ்தா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார். கார்டை வாங்கிப் பார்த்தார்.

"உங்க பேரைப் பதினொரு மணிக்கே மூணு தடவை கூப்பிட்டாச்சேம்மா. எல்லாம் முடிஞ்சு அதிகாரியும் கிளம்பிட்டாரு."

"ரோட்டுல டயர் வெடிச்சிருச்சுங்க."

"கார்லயா வந்தீங்க?" என்று அவர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். அங்கே எங்கள் பிளசர் அடைத்துக்கொண்டு நின்றது. "உங்களுக்கு அடுத்த நம்பர் பொண்ணு எடப்பாடியிலிருந்து பஸ் மாறி வந்து எட்டு மணிக்கே இந்தப் படியில உக்காந்திருந்துச்சு. அதுக்குத்தான் கிடைச்சிருக்கு." கார்டில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்புறம் இன்னொரு கார்டு வரவே இல்லை.

நான் அழுதுகொண்டே வந்து காரில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சோலி ஒன்றும் நிற்கவில்லை. அத்தை ஜவுளிக்கடையில் இரண்டு மணி நேரம் புடவை பிரித்துப் பார்த்தார். மாமனார் வெற்றிலைக் கட்டுகளை மண்டியில் போட்டுவிட்டு வந்தார். ஓட்டலில் எல்லோரும் பூரி சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். எண்ணெய் மிதந்த அந்தக் கிழங்கைப் பார்த்ததும் வாந்தி வந்தது. சாயங்காலம் ஊர் திரும்பும்போது, யாரும் கேட்காமலே மாமனார் முன்சீட்டிலிருந்து பேச ஆரம்பித்தார்.

"டயரு மேல ஒரு குத்தமும் இல்ல. பெரிய மனுசன் கை பட்ட டயரு. ஒரு மாசமா ஓடுச்சே, ஒண்ணும் ஆகல. இன்னிக்கு ஏறுன ஆளோட ராசி அப்பிடி. என்ன பண்றது?"

அத்தை ஆமாமாம் என்று தலையாட்டினார். அவர் தங்கையும் ஆட்டினார். என் கணவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வாரென்று நாமக்கல் வரைக்கும் காத்திருந்தேன்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், "நிறுத்துங்க" என்றேன். வாந்தி வருகிறது என்று நினைத்து நிறுத்தினார். பையோடு இறங்கி, நேரே போய்ப் பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏறினேன். "மானத்த வாங்கறா பாரு, மானத்த வாங்கறா" என்று மாமனார் கத்தியது பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று காசை நீட்டி ஒரு டிக்கெட் வாங்கினேன். காலையில் மல்லூரில் வாங்கியிருக்க வேண்டிய டிக்கெட் அது.