கூட்டம் சேராமல் ஒளிராது

நோய்க்கிருமி வளர்த்துப் பிழைக்கிறவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது சிரமம்; ஆராய்ச்சி மாணவராக மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிவந்த கதை

பீளமேட்டில் வீடு கேட்டபோது வீட்டுக்கார அம்மா என்ன வேலை என்றார். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

அவசரமாக விளக்கினேன். இந்தக் கிருமி தனியாக இருந்தால் பரம சாது. விஷம் தயாரிக்கும் மரபணுவை அணைத்தே வைத்திருக்கும். ஒன்றுக்கொன்று ரசாயனத்தில் தகவல் அனுப்பி, போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அதை முடுக்கும். அந்தம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"எங்கூட்டுப் பங்காளிகளும் அப்படித்தான் அம்மணி. ஒருத்தனா வந்தா காப்பி குடிச்சுப்போட்டுப் போயிருவான். நாலு பேராச் சேந்தாத்தான் வரப்புப் பேச்சு எடுப்பாங்க."

உபசாரம்

விஷ மரபணு இயங்கினால் கிருமி பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒளிரவில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் ஒளிராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். அதாவது, எல்லாம் முதலிலிருந்து. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிருமிகளுக்கு அந்தக் குறை இல்லை என்பது திங்களன்று தெரிந்தது. நான் வகுப்பெடுக்கப் போகும் நேரத்தில் குடுவைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆய்வக உதவியாளர் எஸ்தர் அக்கா. கிருமி பெருகிக் குடுவை கலங்கத் தொடங்கினாலே முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, புதிதாகச் சத்துநீர் ஊற்றி வந்திருக்கிறார். கூட்டம் சேரவே விடவில்லை. ஏன் அக்கா என்றேன்.

"கலங்கிப்போச்சுன்னா தீனி தீந்துபோச்சுன்னு அர்த்தமுங்க. நம்மள நம்பி இருக்கறதுகளப் பட்டினி போடறதுங்களா?"

மைசூர்பாகு

அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டு உபசாரத்தை நிறுத்தச் சொன்னேன். குடுவை கலங்கியது, பிறகு கெட்டியாகக் கலங்கியது. வியாழன் மாலை விளக்கை அணைத்துவிட்டுக் கருவியில் பார்த்தால் பச்சை, குடுவை முழுக்கப் பச்சை. அழுதுவிட்டேன். அக்காவும் துணைக்கு அழுதார்.

தலைப்பு பிழைத்தது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கார அம்மாவிடம் போய், என் கிருமிகள் ஒருவழியாக விஷம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன என்றேன். இனிப்பைக் கையில் வாங்கினார், வாயில் போடவில்லை.

"ரொம்பச் சந்தோசம் கண்ணு. கையக் கழுவிப்போட்டுத்தான வாங்கியாந்தே?"

எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைக் கிருமி தெரிந்துவைத்திருக்கிறது. அதைப் படிக்கப் போன எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.