ஞாயிற்றுக்கிழமை ஜீப்

மாயக்காளுக்குக் கோபம் வந்தால் பசுமாட்டிடம்தான் சொல்வாள். வேறு யாரிடம் சொல்வது? புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. திருப்பூரில் இருக்கும் மகன் ஜெகதீஷ், போன் செய்தால், "சோலியா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்பான். அந்த அப்புறம் வருவதே இல்லை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் அவளும் செவலைப் பசுவும்தான்.

கன்று போட்ட மறுநாள் செவலை படுத்துவிட்டது. காதெல்லாம் சில்லிட்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை; லயத்துச் சனம் மொத்தமும் கடைகண்ணிக்குப் போடிக்கு இறங்கியிருந்தது. மாயக்காள் போடியில் இருக்கும் மாட்டு டாக்டர் பிரபாகரனுக்குப் போன் போட்டாள்.

"சுண்ணாம்புச் சத்து எறங்கிருச்சு ஆத்தா. நரம்புல மருந்து ஏத்தணும், இன்னைக்கே" என்றவர், ஆகும் செலவையும் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சிலமலையில் தங்கை கருத்தம்மாளின் மாட்டுக்கும் இதே டாக்டர், இதே மருந்து. அவள் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கா?

"ஏன் சார், மலை ஏறுனா மருந்து பெருத்துப் போகுமா?"

"மருந்துக்கு ஒரே வெலதான். சிலமலைன்னா பைக்குல வெரசாப் போயிட்டு வந்துருவேன். அங்கன பைக்கு ஏறாது; பஸ்சுல மெட்டுக்கு வந்து நடந்தா நேரமாகிரும், தனி ஜீப்புதான் பிடிக்கணும். ஞாயித்துக்கெழம லேபர் ஜீப்பு ஏது?"

நியாயம்தான். வயிறெரிகிறவள் காதில் நியாயம் ஏறுமா? மறுநாள் காலையில் பாண்டித்துரையின் ஜீப் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். முன்சீட்டில் டாக்டரும் தொற்றிக்கொண்டால் வாடகை மிச்சம். மலையில் அரிசி, கேஸ், பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அந்த ஜீப்பில்தான் வந்து சேரும்.

"நாளைக்கு லேபர் ஜீப்புல வாங்க" என்றாள்.

"அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல ஆத்தா."

வியாபாரம் பேசுகிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டாள். அன்று பகல் முழுக்கச் செவலையின் தலையை மடியில் கிடத்திப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தியில் திரும்பியவர்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

காலையில் ஜீப் வந்தபோது செவலை விறைத்துக் கிடந்தது. டாக்டர் பையைத் திறக்கவே இல்லை. கூலியும் வேண்டாம் என்றார். பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போனார்கள். கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

ஜீப் இனிச் சாயங்காலம்தான் இறங்கும். "மெட்டுக்கு நடந்து போய் பஸ்சு பிடிச்சுக்கிறேன்" என்று டாக்டர் எழுந்தார்.

மாயக்காள் அவர் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்புலயே போகலாம் சார். சாயந்தரம் வரைக்கும் இருங்க. தனியா இருக்க முடியல. அதுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, குடுத்துர்றேன்."