இறக்கத்தில் விழுந்த ஆயில் முள்

1. திருட்டுப் பட்டம்

பஸ் கராஜுக்குள் நுழைந்த சத்தத்தைக் கேட்டதுமே கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். ஆயில் சரியாகக் கிடைக்காமல் பிக் எண்ட் பேரிங் தேய்ந்து போய்விட்டால் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். அதே எஞ்சினில் அதே தட்டல், மூன்றாவது தடவை.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது. நான் அப்போது போர்ட் லூயிஸில் ஒரு சின்ன பஸ் கராஜில் மெக்கானிக். முதலாளியை பத்ரோன் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் ஓடிய பஸ்களிலேயே கிழம் இதுதான். பெட்ரோல் எஞ்சினோடு வந்த வண்டி. அந்த எஞ்சின் உயிரை விட்டதும், ஒரு தரகர் "லாரி எஞ்சின், சிங்கம் மாதிரி" என்று சொல்லி ஒரு பழைய டீசல் எஞ்சினை அவர் தலையில் கட்டியிருந்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அதை மாட்டிவிட்டார்கள். எந்த எஞ்சின் என்று சொல்லும் நேம் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் இருந்தது.

அந்த வண்டியை ஓட்டியவர் வீராசாமி அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். தினமும் காலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, ஆயில் குறி வரை இருக்கிறதா என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவார்.

நாங்கள் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் கிரியோல்தான். இங்கே முடிந்தவரை தமிழில் எழுதுகிறேன்.

"ஏத்தத்துல ஆயில் பிரஷர் காட்டுற முள் நல்லா நிக்குதாம். க்யூர்பிப் மேட்டுலேர்ந்து இறங்கும்போதுதான் விழுதாம்!" என்று பத்ரோன் கத்தினார். "மூட்டை சுமக்கும்போது சும்மா இருந்துட்டு, இறக்கி வச்சப்புறமா இடுப்பு ஒடியும்? இவன் நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கிட்டு வர்றான். எஞ்சின் மெதுவா ஓடி ஆயில் பிரஷர் குறையுது, அதான் முள் விழுது. மிச்சமாகிற டீசலை எங்கேயோ விக்கிறான்."

"இல்ல பத்ரோன். கியர்லதான் இறக்குறேன். முள் தானா விழுது" என்றார் வீராசாமி அண்ணன்.

"வோலேர்!"

திருடன் என்று அர்த்தம். கராஜ் வாசலில் நின்ற மற்ற டிரைவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சனிக்கிழமையோடு வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். எங்கள் தீவு சின்னது. இந்தப் பட்டத்தோடு போனால் வேறு எந்த முதலாளியும் வீராசாமி அண்ணன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. "பேரிங்கை மாத்திட்டு நான் கூடப் போய்ப் பாக்கறேன் பத்ரோன். இவர் நியூட்ரல் போட்டா நானே வந்து சொல்றேன். போடலேன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். பத்ரோன், "போய்ப் பாரு" என்று கையை வீசிவிட்டு உள்ளே போனார். என் வேலையும் போகப் போகிறது என்று வாசலில் நின்றவர்களில் சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

2. டூல் பாக்ஸ் மேல் ஒரு பயணம்

பேரிங் மாற்றியானதும் ஆட்களை ஏற்றாமல் க்யூர்பிப் வரை போனோம். டிரைவர் பக்கத்தில் டூல் பாக்ஸைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஏற்றம் முழுக்க முள் அசையவில்லை. திரும்பி இறங்க ஆரம்பித்ததும் அண்ணன் செகண்ட் கியரைப் போட்டார். வண்டி எஞ்சினை இழுத்துக்கொண்டு இரைந்தது. அவர் பிரேக்கைத் தொட்டார். முள் ஆடியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். முள் மயங்கி விழுந்தாற்போல ஜீரோவில் படுத்தது.

"நிறுத்துங்கண்ணே!"

ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணினார். கியர் செகண்டிலேயே இருந்தது. அதைப் பார்த்தேன், அவர் முகத்தையும் பார்த்தேன். "இப்ப நம்பறியா தம்பி?" என்று கேட்டார். நான் முன்பே நம்பியிருந்தேன். ஆனாலும் கண்ணால் பார்த்ததும் ஒரு பாரம் குறைந்தது. பொய் சொல்வது எஞ்சின்தான். இனி அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கராஜுக்கு மெதுவாகக் கொண்டுவந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பெயிண்டைச் சுரண்டினால் கறுப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வெள்ளை. எந்த லாரிக்காரன் எஞ்சினுக்கு வெள்ளை அடிப்பான்? பக்கவாட்டில் ஏதோ பம்ப் இருந்த இடத்தைத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஒரு பித்தளை பிளக். கழற்றினால் அதன் நுனியில் எலி கொறித்தாற்போல ஒரு துத்தநாகக் கட்டை. லாரியில் அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. அதைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் ரோஷ் புவாவுக்குக் கிளம்பினேன்.

3. பியேர் கையைச் சாய்த்தான்

ரோஷ் புவாவில் பியேர் இருந்தான். என்னோடு ஃபுட்பால் ஆடியவன். துறைமுகத்தில் லாஞ்ச் என்கிற மோட்டார் படகுகளின் எஞ்சின் வேலை பார்ப்பவன். பிளக்கைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மோ ஃப்ரேர், சகோதரா, இது கடல் சாமான்! உப்புத் தண்ணி இரும்பைத் தின்னாம இருக்க, இந்தத் துண்டைத் தின்னக் கொடுப்போம். உங்க பத்ரோன் படகு எஞ்சினை வச்சுல்ல பஸ் ஓட்டுறாரு!"

முள் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளங்கையை நீட்டி, விரல் பக்கம் மேலே தூக்க, மணிக்கட்டுப் பக்கம் கீழே இறங்கச் சாய்த்துக் காட்டினான். "படகுல எஞ்சின் இப்படித்தான் உக்காரும். பின்னாடி சரிஞ்சு. ஆயில் பின்னாடிதான் நிக்கும், உறிஞ்சுற பைப்பும் பின்னாடிதான் இருக்கும். உங்க வண்டில டிப் ஸ்டிக் எங்கே?"

"முன்பக்கம்" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

சாய்ந்திருக்கும் எஞ்சினில் முன்பக்கம் ஆயில் குறைவாகத்தான் தெரியும். குறியை அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள். அதே எஞ்சினை பஸ்ஸில் மட்டமாக வைத்துக் குறி வரை ஊற்றினால் வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்குவதால் இருக்கிற ஆயில் பின்னால் போய் பைப்புக்குக் கிடைத்துவிடும். இறக்கத்தில் எல்லாம் முன்னால் ஓடும். பைப் காற்றைக் குடிக்கும், கியரில் வேகமாகச் சுற்றும் எஞ்சினின் பேரிங்குக்கு ஆயில் போகாது. வீராசாமி அண்ணன் ஒழுங்காகக் குறி பார்த்து ஊற்றினார், ஒழுங்காகக் கியரில் இறக்கினார். அந்த ஒழுங்குதான் பேரிங்கைத் தின்றது. அதைப் புரிந்துகொண்டபோது பியேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் மேலெல்லாம் கிரீஸ், என் சட்டை போயிற்று.

அவனே மறுநாள் வந்தான். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கி, உறிஞ்சும் பைப்பை நீட்டி நடுவுக்குக் கொண்டுவந்தோம். லாஞ்சுக்கு ஊற்றும் அளவு அவனுக்குத் தெரியும். அதை அளந்து ஊற்றி, டிப் ஸ்டிக்கில் பழைய குறிக்கு மேலே அரத்தால் புதுக் குறி போட்டேன்.

4. வாசலில்

சனிக்கிழமை பத்ரோன் தானே வந்து டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். இறக்கம் முழுக்க அவர் கண் ஆயில் முள்ளை விட்டு நகரவில்லை. வீராசாமி அண்ணன் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினார். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

கராஜில் இறங்கியதும் பத்ரோன் வேட்டியை உதறிக்கொண்டு, "சரி, திங்கட்கிழமை முதல் ட்ரிப் எடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"பத்ரோன்" என்றார் வீராசாமி அண்ணன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். "கியர் எதுல இருந்துச்சு?"

"செகண்ட்ல."

"அன்னிக்கு வாசல்ல வச்சுத்தானே சொன்னீங்க? இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க."

வாசலில் டிரைவர்கள் நின்றிருந்தார்கள். பத்ரோன் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் வாசல் வரை நடந்துபோய், கீழே பார்த்துக்கொண்டே, "இவன் வோலேர் இல்ல. எஞ்சின் படகு எஞ்சின். நான்தான் பாக்காம வாங்கிட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வீராசாமி அண்ணன் பக்கத்திலிருந்த டிரம் மேல் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான். எஞ்சின் மாற்றிய வண்டி வந்தால், அது எங்கேயிருந்து வந்தது, அங்கே எப்படி உட்கார்ந்திருந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் குறியை அதற்கப்புறம் நம்பலாம். அதுவரைக்கும் டிரைவரை நம்புங்கள்.