இரண்டு தலைவர்களும் ஒரு பாவாடையும்

பனி உருகி, நாங்கள் குடியிருக்கும் மல்வேர்ன் புறநகரின் கூரைகள் எல்லாம் மூக்குச் சிந்திக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு அரசியல் தலைவர்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் பச்சைத் துணியில் அச்சடித்த முகமாக, மற்றவர் மஞ்சள் துணியில். இருவருக்கும் ஒரே சிரிப்பு – வோட்டுக் கேட்கிற சிரிப்பு.

கொண்டுவந்தவர் ஜோசப். ஃபக்டரியில் என் பக்கத்தில் நின்று பெட்டி கட்டுகிறவர். ஆப்பிரிக்காவில் எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்றார். அவருடைய தங்கை அங்கேதான் இருக்கிறாள்... ஆறு மாதக் கர்ப்பிணி.

ஊர் ஆஸ்பத்திரியைக் கட்டியது ஆளும் பச்சைக் கட்சி. கட்சித் துணி உடுத்தால் முன்வாசல். இல்லையென்றால் வெயிலில் வரிசை. கிணறு, பள்ளிக்கூடம், உர மூட்டை – எல்லாம் இப்படித்தான். இப்போது முதல் தடவையாகப் பல கட்சித் தேர்தல் வருகிறது. பிள்ளை பிறக்கப்போகும் அதே மாதத்தில்! எந்த ஆட்சியில் வலி எடுக்கும் என்று யார் சொல்வது?

தங்கை இரண்டு கூட்டங்களுக்கும் போய் இரண்டு துணியும் வாங்கிவிட்டாள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மஞ்சளாகத் திருப்பி உடுத்தக்கூடிய ஒரு பாவாடை வேண்டுமாம்.

“ஏன், அங்கை தைக்க ஆக்கள் இல்லையோ?” என்றாள் என் மனைவி. அவளுக்குத் தையல் ஃபக்டரியில் வேலை.

ஊர்த் தையற்காரர்தான் கட்சிக் கிளைச் செயலாளராம்.

மனைவி துணியை அளந்தாள். “இஞ்சருங்கோ, முகம் சரியாப் பின்னுக்கு வருது. அந்தப் பிள்ளை தலைவரின்ரை மூக்கிலையெல்லே இருக்கப்போகுது! ஆரின்ரை மூக்கிலை எண்டு கேளுங்கோ.”

ஜோசப் நிதானமாக யோசித்தார். “இரண்டு பேருக்கும் சமமான வாய்ப்புக் கொடுங்கள்.”

தண்ணீருக்கு நிறமில்லை என்று பள்ளியில் படித்தோம். குழாய்க்கு இருக்கிறதே! சனங்களின் வரியில் கட்டிய சுவருக்குக் கட்சி தன் நிறத்தைப் பூசுகிறது. உடனே உரிமை பரிசாகிவிடுகிறது. பரிசென்றால் கைகட்டி நின்றுதானே வாங்க வேண்டும்? எம்.பி.யின் கடிதம் இல்லாமல் வேலை கிடைக்காத நாட்டிலிருந்து வந்தவன் நான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

போன ஞாயிறு ஜோசப் கடிதத்தோடு வந்தார். மஞ்சள்காரர் வென்றுவிட்டார். ஆட்சி மாறிய மூன்றாம் நாள் வலி. தங்கை பாவாடையைத் திருப்பி உடுத்து முன்வாசலாலேயே போயிருக்கிறாள். பெண் குழந்தை. இருவரும் சுகம்! வாசலில் நின்று ஆட்களைப் பிரிப்பவன் பழைய ஆள்தானாம்... சட்டை மட்டும் மஞ்சள்.

இப்போது அந்த ஊரில் பதினொரு பெண்கள் அதே பாவாடை கேட்கிறார்களாம். சிவப்புத் துணியோடு ஒரு புதுக் கட்சியும் கிளம்பியிருக்கிறதாம்.

மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“துணிக்கு மூண்டாம் பக்கம் இல்லையெண்டு எழுதச் சொல்லுங்கோ.”