ரிப்போர்ட் அக்கா கம்ப்யூட்டரைச் சோதித்த கதை

உலகத்தில் வைத்தியம் சொல்லத்தான் ஆளுக்குப் பஞ்சமில்லை, சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லை என்பது ரிப்போர்ட் அக்காவின் நிரந்தரக் குறை. இருபத்தாறு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் குறை இருப்பதில் ஆச்சரியமில்லை. நரம்பே தெரியாத கைகள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். மற்றவர்கள் மூன்று தடவை குத்தி, வியர்த்து, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அவள் வருவாள். முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தடவிக்கொண்டே, "உங்க வீட்டுல யாருக்குக் கோபம் அதிகம்?" என்று எதையாவது கேட்பாள். வந்தவர் மனைவியைச் சொல்வதா மாமியாரைச் சொல்வதா என்று யோசிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

டாக்டர் யாராவது போனில், "அநேகமா இதுவாத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தால், "ரிப்போர்ட் வரட்டும் சார்" என்று மரியாதையாக வைத்துவிடுவாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த ரிப்போர்ட் அக்கா, ஐம்பத்து மூன்று வயதில், சனிக்கிழமை நாலு மணி ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோட்டை பிடிக்கப் போகிறவள் என்பது ஆய்வகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் நம்பவில்லை.

எல்லாம் அவள் தம்பியால் வந்தது. கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அவன். ஒன்பது வருடத்துக்கு முன் தனக்கென்று ஆசை ஆசையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினான். அடுத்த மாதமே வீடு மாற்றினான். புது வீட்டில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை என்று அவன் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் அக்கா" என்று கொண்டுவந்து வைத்தான். அக்கா தூசி தட்டுவதற்காகத் தொட்டாள், என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று பொத்தானை அழுத்தினாள். ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்து கேட்டபோது, பெட்டி இனி தன்னுடையது இல்லை என்பது அவனுக்கே புரிந்துவிட்டது.

ஆட்டம் லேசானதுதான், கேட்பதற்கு. நாலு பேர் கோட்டைக்குள், நாலு பேர் வெளியே. உள்ளே இருப்பவர்கள் காக்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் நுழைய வேண்டும். அக்காவின் அணியில் ஒரு பள்ளி பஸ் டிரைவர், ஒரு கண்ணாடிக்கடைக்காரர், எப்போதும் கொட்டாவியோடு பேசுவதால் தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்த ஒரு காவலாளி. மூன்று பேரையும் அவள் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். ஏழு வருடமாக அவள்தான் தலைவி. யார் எந்த வாசலுக்குப் போவது, எப்போது பதுங்குவது என்று சொல்வது அவள் வேலை. ஆய்வகப் பதிவேடு மாதிரி ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருந்தாள். போன வருடம் எதிர்த்து விளையாடிய அணி மூன்றாவது சுற்றில் எந்தச் சுவரேறிக் குதித்தது என்று கேட்டால் தேதியோடு சொல்வாள்.

நாலு மாதமாகத்தான் சனி பிடித்தது. சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஏதோ ஒன்று நின்றுவிடும். கண் சிமிட்டுகிற நேரம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அவள் தரையில் கிடப்பாள், அணி தலையில்லாமல் நிற்கும். இப்படியே வரிசையாக மூன்று ஆட்டம் போயிற்று. வருகிற சனிக்கிழமையும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

"மெஷின் பழசாயிடுச்சு அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று மூன்று பேரும் அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்புதான் அவளைத் தின்றது. மோசமான ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியிடம் உறவுக்காரர்கள் பேசும் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். நின்றது திரையா, தானா? அந்த அரை நொடியில் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் ஒரு கையில் இரண்டாவது தடவை குத்த வேண்டி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

வீட்டில் வைத்தியர்களுக்குக் குறைவா? அவள் கணவர் டயர்க்கடை வைத்திருக்கிறவர். ஒன்று தேய்ந்தால் நாலையும் மாற்றச் சொல்வது அவர் தொழில் தர்மம். பெட்டியைப் பார்த்ததுமே, "இதெல்லாம் பஞ்சர் போட்டு ஓட்டுற கேஸ் இல்லம்மா. மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒன்னு எடுத்துடலாம்" என்றார்.

தம்பி வேறு மாதிரி. "பெட்டி நல்ல பெட்டி அக்கா, என் கையால பூட்டினது. கிராபிக்ஸ் கார்டுதான் படத்தையெல்லாம் வரையுறது. அது கிழவனாயிடுச்சு. புதுசா ஒன்னு வந்திருக்கு, போட்டேன்னு வை, பறக்கும்."

"பார்க்காமலே சொல்றியே, எப்படிடா?"

"இதுல பார்க்க என்ன இருக்கு? எல்லாருக்கும் அதுதான் பிரச்சினை."

எல்லாருக்கும் என்ற வார்த்தையைக் கேட்டால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாருக்கும் இருப்பதுதான் உனக்கும் இருக்கும் என்றால் ஆய்வகம் எதற்கு, ஊசி எதற்கு, தான் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரைக் காய் வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சோதனையில் இறங்கினாள்.

முறையாகத்தான் செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, ஆற வைத்து, மறுபடி போட்டாள். வேறு எதையும் திறக்கவில்லை. ஆட்டத்தை மட்டும் திறந்து, ஓரத்தில் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்ற அளவுகள் ஓடும்படி வைத்து, தனியாக ஒரு மணி நேரம் கோட்டையைச் சுற்றி ஓடினாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறித்தாள். கார்டு பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. ப்ராசஸர் மூச்சு வாங்கவில்லை. சூடு அளவோடு இருந்தது. திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. தாளைப் பார்த்தாள். சுத்தமான ரிப்போர்ட், எல்லாம் நார்மல்.

அப்படியானால் நின்றது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கணவர் வந்து கத்தரிக்காய் நன்றாக இல்லையென்று வெண்டைக்காய் வாங்கிவந்த கதையைச் சொன்னார், காதில் ஏறவில்லை. ரிப்போர்ட்டை மறுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, தன்னுடையதாக இருந்தாலும். போனை எடுத்து அணிக்கு எழுதினாள்: "சனிக்கிழமைலேர்ந்து கண்ணாடிக்கடைக்காரர் தலைவரா இருக்கட்டும். நான் அவர் சொல்றபடி விளையாடுறேன்." மூன்று பேரும் வேண்டாம் அக்கா, என்ன அக்கா என்றார்கள். ஆனால் ரொம்ப நேரம் வற்புறுத்தவில்லை. அது அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை நார்மல் என்று வந்திருக்கிறது. பிறகு எதற்கு மறுபடி ஊசி, ஆளை விடுங்கள் என்றார்.

அக்கா ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வதை இருபத்தோராவது தடவையாகச் சொன்னாள். "ஐயா, வெறும் வயித்துல எல்லாருமே நல்லவங்கதான். வழக்கமா சாப்பிடுறதைச் சாப்பிட்டுட்டு வாங்க. அப்போதான் உடம்பு என்ன பண்ணுதுன்னு..."

பாதியில் நின்றுவிட்டாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்து, தனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று பயந்துபோனார். "நான் சாப்பிட்டுட்டே வரேன்ம்மா" என்று நல்ல பிள்ளையாகக் கிளம்பினார்.

இருபத்தாறு வருட அனுபவம் என்ன செய்யும் என்றால், இதைத்தான் செய்யும். சோதனை என்றாலே வெறும் வயிறு என்று கை தானாகப் போய்விட்டது. கம்ப்யூட்டரைப் பட்டினி போட்டுச் சோதித்திருக்கிறாள். சனிக்கிழமை அது பட்டினியாகவா ஓடுகிறது? நாலு பேர் பேசுகிற அழைப்பு ஒரு பக்கம், ஆட்டத்தைப் பதிவு செய்கிற மென்பொருள் ஒரு பக்கம், கோட்டை வரைபடம், எதிரணியின் பழைய ஆட்டங்கள், அவளுடைய குறிப்புகள் என்று முப்பது பக்கம் திறந்து கிடக்கும். மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சுமை கிடையாது. தலைவிக்கு மட்டும்தான் உண்டு.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமை திறப்பதையெல்லாம் ஒன்று விடாமல் திறந்தாள். டிரைவரைக் கூப்பிட்டு, "சும்மா பேசிக்கிட்டே இருங்க, எதையாவது" என்றாள். அவர் பஸ் பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தார். அக்கா கோட்டைக்குள் ஓடினாள், சண்டையை இழுத்தாள், வரைபடத்தைத் திறந்தாள். நின்றது! அளவைப் பார்த்தாள். கார்டு சும்மா இருந்தது. மெமரிதான் தொண்ணூற்றெட்டு சதவீதம், மூச்சுமுட்ட நிறைந்திருந்தது. சாமான் பரப்ப மேசையில் இடமில்லாமல், ஒன்றை எடுக்க இன்னொன்றைக் கீழே வைத்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். அவள் சந்தேகப்படுகிற ஜாதி. பக்கங்களை மூடினாள், நிற்கவில்லை. திறந்தாள், நின்றது. ஐந்து தடவை செய்து ஐந்தையும் எழுதினாள்.

"நான் இல்லடா சாமி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிரேக் கதையின் நடுவில் இருந்த டிரைவர், "நானும் இல்ல அக்கா, மெக்கானிக்தான்" என்றார்.

கணவர் தாளைப் படித்துவிட்டு, "அப்போ அந்த முப்பதையும் மூடிட்டு விளையாடேன். ஒன்னுமே வாங்க வேணாம்" என்றார். மனிதருக்கு அதிசயமாக ஒரு சிக்கன யோசனை வந்திருந்தது. அக்கா அதையும் மதித்து யோசித்தாள். மூடலாம். ஆனால் வரைபடமும் குறிப்பும் இல்லாத அக்கா நாலு பேரில் ஒருத்தி, அவ்வளவுதான். "சாப்பிட்டா வயிறு வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட சாப்பிடாதீங்கன்னு அனுப்ப முடியுமாங்க?" என்றாள்.

அடுத்த நாள் தம்பி கடைக்குப் போனாள். அவன் கார்டு பெட்டியைத் தயாராக மேசைமேல் வைத்திருந்தான், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.

"அதை உள்ள வை. பழைய ரகத்திலேயே ரெண்டு மெமரி பட்டை குடு. உள்ள ரெண்டு இருக்கு, ரெண்டு இடம் காலியா இருக்கு, திறந்து பார்த்துட்டுதான் வரேன்."

"அக்கா, நான் பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேன்."

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன். இதைப் படி." தாளை நீட்டினாள்.

அவன் படித்தான். கடைசிவரை படித்து, மறுபடி மேலிருந்து படித்தான். நியாயஸ்தன், அதைச் சொல்ல வேண்டும். "கார்டு போட்டிருந்தா ஒன்னுமே மாறியிருக்காது" என்று தானே சொன்னான். பிறகு மனசு கேட்காமல், "ஆனா ரெண்டு வருஷத்துல கார்டும் மாத்த வேண்டி வரும்" என்றான்.

"அப்போ ரெண்டு வருஷம் கழிச்சு அதையும் சோதிப்போம்."

பட்டைகளை அவளே போட்டாள். விரலால் தடவி, பள்ளம் பொருந்துகிற இடம் பார்த்து, ஒரே அழுத்து. இரண்டும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தன. முழுச் சுமையோடு மறுபடி சோதித்துவிட்டு அணிக்கு எழுதினாள்: "தலைமையை நானே திரும்ப எடுத்துக்கிறேன். மெஷின் சரி பண்ணியாச்சு." கண்ணாடிக்கடைக்காரர், "அப்பாடா" என்று மட்டும் பதில் போட்டார்.

சனிக்கிழமை நாலு மணி. முதல் சுற்றில் அக்கா எல்லோரையும் பின்வாசலுக்கு ஓட்டினாள். அங்கே எதிரிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலில் விழுந்தது அவள்தான்.

"பரவால்ல அக்கா" என்று கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "மெஷின் இன்னும்..."

"மெஷின் நல்லா இருக்கு. நான்தான் தப்பாச் சொன்னேன். அடுத்தது முன்வாசல். டிரைவர், நீங்க முன்னாடி போங்க. தூங்குமூஞ்சி, சுவர்மேல."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யார் கண்டது? தன்னுடையதென்றால் திருத்திக்கொள்ளலாம். திருத்தினாள், மறுபடி தப்புச் செய்தாள், மறுபடி திருத்தினாள். கடைசியான பதினோராவது சுற்றில், மயிரிழையில் ஜெயித்தார்கள். டிரைவர் போட்ட கூச்சலில் தூங்குமூஞ்சி முழுசாக விழித்துவிட்டான்.

கூச்சல் அடங்கியதும் கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். நாலு மாதமாக அவர் பேசாத குரலில் பேசினார்.

"ஜெயிச்சதெல்லாம் சரி. இன்னைக்கு நாலு தடவை தப்பாச் சொன்னீங்க அக்கா. அந்தப் பின்வாசல் மகா மட்டம்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குறிப்பைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள். "எனக்காக ஒன்னைக் குறைக்காதீங்க."